முகாம் திடலில் ஸ்பேனரை எடுக்கும் முன்: மோட்டார்ஹோமுக்குப் புதியவர்களுக்கு

வாட்டர் ஹீட்டரின் அடித்திருகைக் கழற்றியபோது தண்ணீர் வெளியே வரும் என்பது எனக்குத் தெரியும். எந்தப் பக்கம் ஓடும் என்று யோசிக்கவில்லை. ஆறு கேலன் தொட்டி, ஏறத்தாழ 23 லிட்டர். வெள்ளைச் சுண்ணாம்புத் துகள்களைச் சுமந்துகொண்டு அது சரிவைப் பிடித்து, பக்கத்து வண்டியின் வாசலில் விரித்திருந்த பாயை நோக்கிப் போனது. அங்கே நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்த அம்மையார் ஒன்றும் சொல்லவில்லை. கோப்பையைக் கீழே வைத்தார். பாயைச் சுருட்டினார். நாற்காலியை மறுபக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். அடுத்த இரண்டு நாளும் நாங்கள் அவருடைய முதுகைத்தான் பார்த்தோம்.

முந்தின இரவே ஹீட்டரை அணைத்து ஆறவிட்டிருந்தேன், அழுத்தத்தை இறக்கியிருந்தேன், புது வாஷர் வாங்கி வைத்திருந்தேன். கையேட்டில் இருந்ததையெல்லாம் ஒழுங்காகச் செய்திருந்தேன். பக்கத்தில் ஆள் இருக்கிறார் என்பது மட்டும் கையேட்டில் இல்லை.

மோட்டார்ஹோம் என்பது வண்டியும் வீடும் சேர்ந்தது. வண்டிக்கு வரும் கோளாறும் வரும், வீட்டுக்கு வரும் கோளாறும் வரும். எல்லாவற்றையும் பட்டறைக்குப் போகும்வரை தள்ளிப்போட முடியாது. அதனால் வண்டியை நிறுத்தித் தங்கும் முகாம் திடலில் ஸ்பேனரை எடுக்காமல் இருக்க முடியாது. எதற்கு எடுக்கலாம், எப்போது, எப்படி என்பதுதான் கேள்வி.

இதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: தொடங்கிய வேலையைப் பாதியில் நிறுத்தி, பத்து நிமிடத்துக்குள் எல்லாவற்றையும் வாரி உள்ளே வைத்து, வண்டியை நகர்த்த முடியுமா? முடியும் என்றால் பெரும்பாலும் அது திடலில் செய்யத்தக்க வேலை. முடியாது என்றால் பட்டறை வேலை. மழை வரலாம், நிர்வாகி வந்து வேண்டாம் என்று சொல்லலாம், பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் வந்து இறங்கலாம். உதிரி பாகம் பொருந்தாமல் போவது இன்னும் அடிக்கடி நடக்கும். அப்போது வண்டி நகர முடியாமல் கிடந்தால் அந்த இடத்துக்கு அடுத்த நாள் முன்பதிவு செய்தவருக்கும் சேர்த்துத்தான் நீங்கள் பதில் சொல்ல வேண்டும்.

1. விதித்தாளைப் படியுங்கள், பிறகு குறிப்பாகக் கேளுங்கள்

உள்ளே நுழையும்போது வரைபடத்தோடு ஒரு தாளைக் கையில் கொடுப்பார்கள். வைஃபை கடவுச்சொல்லைப் பார்த்துவிட்டு அதை மடித்து வைத்துவிடுவதுதான் வழக்கம். அதன் பின்பக்கத்தில் வண்டி கழுவுவது, பழுது பார்ப்பது, ஜெனரேட்டர் ஓட்டுவது பற்றி மூன்று நான்கு வரிகள் இருக்கும். பல திடல்களில் ‘பெரிய பழுதுபார்ப்பு கூடாது’ என்று போட்டிருப்பார்கள். எது பெரியது, எது சிறியது என்று போட்டிருக்க மாட்டார்கள். அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. ‘வண்டியில் கொஞ்சம் வேலை பார்க்கலாமா?’ என்று கேட்டால் ‘கூடாது’ என்றுதான் பதில் வரும். அவர்கள் கண்ணில் எண்ணெய்க் குட்டையும் நான்கு கட்டைகள்மேல் நிற்கும் சக்கரமில்லாத வண்டியும் தெரிகின்றன. ‘ஜெனரேட்டரின் ஏர் ஃபில்டரை மாற்ற வேண்டும், அரை மணி நேரம் ஆகும், சத்தம் வராது, எண்ணெய் எதுவும் இறக்கவில்லை’ என்று சொல்லுங்கள். எவ்வளவு நேரம், என்ன சத்தம், எது கீழே விழும் என்ற மூன்றும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தால் பெரும்பாலும் தலையசைத்துவிடுவார்கள்.

வெளியிலிருந்து மெக்கானிக்கை வரவழைப்பதாக இருந்தாலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சில இடங்களில் அவர் அலுவலகத்தில் பெயர் பதிய வேண்டும், காப்பீட்டுச் சான்று காட்ட வேண்டும். அதைச் சொல்லாமல் வரவழைத்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள், அவருடைய வருகைக் கட்டணமோ உங்கள் கணக்கில்.

2. வேலைகளைத் தரம் பிரித்துக்கொள்ளுங்கள்

கேட்காமலே செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. டயர் காற்றழுத்தம் பார்ப்பது, பேட்டரிக்குக் காய்ச்சி வடித்த நீர் ஊற்றுவது, ஏசி ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்வது, கதவு ரப்பர்களைத் துடைப்பது, பல்பு மாற்றுவது, கேஸ் இணைப்பில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது. இவற்றால் யாருக்கும் தொந்தரவில்லை.

வண்டி கழுவுதல், கூரைப் பூச்சு, எண்ணெய் மாற்றுதல், தொட்டிகளைச் சுத்திகரிப்பது ஆகியவை கேட்டுச் செய்ய வேண்டியவை. எஞ்சினைப் பிரிப்பது, பிரேக் வேலை, ஸ்பிரே பெயின்ட் ஆகியவற்றைத் திடலில் செய்யவே கூடாது, அனுமதி கேட்கவும் வேண்டாம். ஸ்பிரே பெயின்ட் காற்றில் எவ்வளவு தூரம் போய்ப் படியும் என்பது, பக்கத்து வண்டியின் கண்ணாடியைத் தடவிப் பார்த்தால்தான் தெரியும். சிலிக்கான் ஸ்பிரேயும் அப்படித்தான். வண்டி நின்றபின் பக்கவாட்டில் வெளியே நீளும் அறையின் ரப்பருக்குப் போடும்போது நேரடியாக அடிக்காமல், துணியில் அடித்துத் துணியால் தடவுங்கள்.

எளிய வேலை என்று நாம் நினைப்பதிலும் தொந்தரவு ஒளிந்திருக்கும். டயரை எடுத்துக்கொள்ளுங்கள். காற்றழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும், அதாவது வண்டி ஓடி மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், வெயிலும் படக் கூடாது. அப்படியென்றால் விடியற்காலை. விடியற்காலையில் கம்ப்ரஸரைப் போட்டால் திடல் முழுவதும் எழுந்து உட்காரும். நான் செய்வது இதுதான்: ஆறரை மணிக்கு அளவுமானியோடு சத்தமில்லாமல் ஒரு சுற்று வருகிறேன். எந்தச் சக்கரத்தில் எத்தனை குறைகிறது என்று டயரின் பக்கவாட்டில் சாக்பீஸால் எழுதிவிடுகிறேன். ஒன்பதரைக்கு மேல் கம்ப்ரஸரை எடுக்கிறேன். அதற்குள் வெயில் பட்டு அளவு ஏறியிருந்தாலும் கவலையில்லை. நான்கு குறைவு என்று எழுதியிருந்தால், இப்போது காட்டும் எண்ணுக்கு மேல் நான்கு ஏற்றினால் போதும்.

பேட்டரிக்கு நீர் ஊற்றும்போது அக்கம்பக்கத்தில் அடுப்போ விறகு நெருப்போ எரிகிறதா என்று பாருங்கள். ஈய அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். கையில் சமையல் சோடா ஒரு பொட்டலம் இருக்கட்டும். அமிலம் சிந்தினால் அதைத் தூவிவிட்டுத் துடைக்கலாம்.

3. நேரம் பாருங்கள்

பெரும்பாலான திடல்களில் இரவு 10 மணிக்கு அமைதி நேரம் தொடங்கும். காலை 6, 7 அல்லது 8 மணிக்கு முடியும். அமைதி நேரம் முடிவதைச் சுத்தியல் அடிப்பதற்கான மணியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. விடுமுறைக்கு வந்தவர்கள் ஒன்பது மணிவரை தூங்குவார்கள், அதற்காகத்தான் வந்திருக்கிறார்கள்.

அனுபவத்தில் கண்டுகொண்ட நல்ல நேரம் ஒன்று உண்டு. கிளம்புகிறவர்கள் காலை 11 மணி வாக்கில் இடத்தைக் காலி செய்வார்கள், புதிதாக வருகிறவர்களைப் பிற்பகல் 2 மணி வாக்கில்தான் உள்ளே விடுவார்கள். இடையில் உள்ள இரண்டு மூன்று மணி நேரம் திடல் பாதி காலியாக இருக்கும். தங்கியிருப்பவர்களும் வெளியே சுற்றப் போயிருப்பார்கள். சத்தமும் வாடையும் உள்ள வேலைகளை அந்த இடைவெளிக்கு ஒதுக்குங்கள். வார நாள் என்றால் இன்னும் நல்லது.

ஜெனரேட்டர்தான் சச்சரவுக்குப் பெரிய காரணம். அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களில் 50 அடி தூரத்தில் அளந்தால் 60 டெசிபலுக்கு மேல் சத்தம் எழக் கூடாது என்று கூட்டாட்சி விதியே இருக்கிறது. 60 டெசிபல் என்பது இரண்டு பேர் சாதாரணமாகப் பேசிக்கொள்ளும் சத்தம். கட்டுமான வேலைக்கென்று விற்கும் திறந்த சட்டக ஜெனரேட்டர்கள் அந்த எல்லையை எளிதில் தாண்டிவிடும். விதி இல்லாத இடத்திலும் இந்த அளவை மனத்தில் வைத்துக்கொள்ளலாம்: பக்கத்து வண்டிக்காரர்கள் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தால் சத்தம் அதிகம்.

வண்டியோடு பொருத்தி வரும் ஜெனரேட்டரை, பயன்படுத்தாவிட்டாலும், மாதம் ஒருமுறை பாதிச் சுமையோடு இரண்டு மணி நேரம் ஓட்டச் சொல்லும் கையேடுகள் உண்டு. இல்லையென்றால் எரிபொருள் கார்புரேட்டரில் பிசினாகிப் படிந்துவிடும். இந்தப் பயிற்சி ஓட்டத்தைத் திடலில் செய்யாதீர்கள். நெடுஞ்சாலையில் போகும்போது ஜெனரேட்டரைப் போட்டுக் கூரை ஏசியை ஓடவிடுங்கள். சுமைக்குச் சுமையும் ஆயிற்று, வண்டியும் குளிர்ந்திருக்கும், யாருக்கும் காது வலிக்காது. இதைத் தெரிந்துகொள்வதற்கு முன் மூன்று திடல்களில் நான் பகையைச் சம்பாதித்திருக்கிறேன்.

திடலில் ஓட்டியே தீர வேண்டுமென்றால் புகைக்குழாய் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, பக்கத்து வண்டியின் சன்னல் திறந்திருக்கிறதா என்று மூன்றையும் பாருங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்கிக்கொண்டிருப்பவருக்கு அது தெரியாது.

4. தரையைப் பாருங்கள்

திடல்களில் வண்டிகள் வரிசையாக, ஒரே பக்கம் பார்த்து நிற்கும். குழாய், கழிவுக் குழல், மின்கம்பி எல்லாம் ஒரு பக்கம். கதவும் மடக்குப் பந்தலும் மறுபக்கம். இதன் விளைவு என்னவென்றால், உங்கள் வண்டியின் புழக்கடைதான் பக்கத்து வண்டியின் திண்ணை. நீங்கள் கழிவுக் குழலோடு மல்லுக்கட்டும் இடத்துக்கு எதிரே அவர்கள் சாப்பாட்டு மேசையைப் போட்டிருப்பார்கள். இது யார் குற்றமும் இல்லை, அமைப்பே அப்படி. புதியவர்கள் இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டாலே பாதிச் சங்கடம் தீர்ந்துவிடும்.

எனவே தண்ணீரோ எண்ணெயோ சம்பந்தப்பட்ட எந்த வேலைக்கும் முன்னால் ஒரு குவளைத் தண்ணீரைத் தரையில் ஊற்றி, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். கண்ணுக்குச் சமதளமாகத் தெரியும் சரளைத் தரையிலும் ஓட்டம் இருக்கும். அந்த அம்மையாரின் பாய் எனக்குக் கற்றுக்கொடுத்த பழக்கம் இது.

கருவிகளைப் புல்லில் பரப்பாதீர்கள். ஒரு தார்ப்பாய் விரித்து அதற்குள் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டால், நிறுத்த வேண்டியபோது நான்கு மூலையையும் சேர்த்துத் தூக்கி உள்ளே வைத்துவிடலாம். புல்லில் விழுந்த திருகு, நாளை புல் வெட்டும் இயந்திரத்திலோ செருப்பில்லாமல் ஓடும் குழந்தையின் காலிலோதான் கிடைக்கும்.

5. கழிவுத் தொட்டி

இதைப் பற்றி வெட்கப்படாமல் விரிவாகப் பேச வேண்டும். புதியவர்கள் தடுமாறுவதும், பழையவர்கள் முகம் சுளிப்பதும் இங்கேதான்.

வண்டியில் இரண்டு கழிவுத் தொட்டிகள் இருக்கும். கழிப்பறைக் கழிவு போவது கறுப்புத் தொட்டி. குளியல், பாத்திரம் கழுவிய நீர் போவது சாம்பல் தொட்டி. உங்கள் இடத்திலேயே கழிவு இணைப்பு இருந்தாலும் கறுப்புத் தொட்டியின் வால்வைத் திறந்தே வைத்திருக்காதீர்கள். நீர் உடனுக்குடன் ஓடிப்போய், திடக்கழிவு மட்டும் அடியில் மேடாகக் குவிந்து இறுகிவிடும். பிறகு அதை உடைத்து எடுக்கும் வேலை பல மணி நேரம் பிடிக்கும், அதன் வாடை அந்த வரிசைக்கே பொது. மூன்றில் இரண்டு பங்காவது நிறைந்த பிறகு திறந்தால் எல்லாம் ஒரே வேகத்தில் போய்விடும்.

சாப்பாட்டு நேரத்தில் இறக்காதீர்கள். பக்கத்தில் மேசை போட்டிருக்கிறார்களா என்று எட்டிப் பாருங்கள். கையுறை போடுங்கள். மூடியைத் திருகும் முன் அடியில் ஒரு சிறு வாளியை வையுங்கள். வால்வு முழுதாக மூடவில்லை என்றால் மூடிக்குப் பின்னால் ஒரு குவளை அளவு தேங்கியிருக்கும், அது எப்போதும் காலில்தான் விழும். குழலைத் தாங்கிகள்மேல் சரிவாக ஓடவிட்டு, மறுமுனையைக் கழிவுத் துளையில் ரப்பர் வளையத்தோடு இறுக்குங்கள். குழல் பாதியில் தொங்கினால் அங்கே தேங்கும். முனை தளர்வாக இருந்தால் வேகத்தில் துள்ளி வெளியே வந்துவிடும். அப்படி வந்ததை ஒருமுறை பார்த்திருக்கிறேன். அந்த வண்டிக்காரர் அன்று மாலையே கிளம்பிப் போய்விட்டார்.

முதலில் கறுப்பு, பிறகு சாம்பல். சோப்புத் தண்ணீர் பின்னால் வந்து குழலைக் கழுவிவிடும். ஒளி ஊடுருவும் முழங்கை இணைப்பு ஒன்றை மாட்டிக்கொண்டால் தெளிந்த நீர் வரும்வரை பார்த்து நிறுத்தலாம். பார்க்க அழகான காட்சியில்லை, ஆனால் ஊகத்தைவிட மேல்.

அலசுவதற்கு வேறு நிறத்தில் ஒரு தனிக் குழல் வைத்துக்கொள்ளுங்கள். அது குடிநீர்க் குழாயைத் தொடவே கூடாது, உங்கள் கையுறையும் தொடக் கூடாது. கழிவு இறக்கும் இடத்தில் இரண்டு குழாய்கள் இருக்கும், ஒன்றில் குடிக்கத்தக்கதல்ல என்று எழுதியிருக்கும். உங்களுக்கு முன்னால் வந்தவர் இதையெல்லாம் படித்திருப்பார் என்று நம்ப வேண்டாம். குடிநீர் பிடிப்பதற்கு முன் குழாயின் வாயைப் பிளீச் கலந்த தண்ணீரால் துடைத்து, கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிறகு பிடியுங்கள்.

தொட்டிக்குப் போடும் ரசாயனத்தின் புட்டியைத் திருப்பிப் படியுங்கள். ஃபார்மால்டிஹைடு இருந்தால் வாங்காதீர்கள். ஊருக்கு வெளியே உள்ள திடல்களில் கழிவு பெரும்பாலும் செப்டிக் தொட்டிக்குத்தான் போகிறது. அதில் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாவை இந்த ரசாயனம் கொன்றுவிடும்.

பொதுவான கழிவு இறக்கும் இடத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை என்றால், வரிசை நிற்கும். உங்கள் முறை வருவதற்குள் கையுறையும் குழலும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். இறக்குங்கள், அலசுங்கள், தரையைக் கழுவிவிடுங்கள், வண்டியை இருபது அடி முன்னால் நகர்த்திவிட்டு மற்ற ஒழுங்குகளைச் செய்யுங்கள். தொட்டிக்குள் பீச்சுக்குழல் விட்டு முழுச் சுத்தம் செய்வது, வால்வுக்கு எண்ணெய் போடுவது, அதே சாக்கில் வண்டியைக் கழுவுவது எல்லாம் பின்னால் ஆளில்லாத நேரத்து வேலைகள். ஏதாவது சிந்தினால் கழுவுங்கள். கழுவியும் போகாவிட்டால் அலுவலகத்தில் சொல்லுங்கள். சொன்னவர்மேல் யாரும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

சாம்பல் நீரைச் செடிக்கு ஊற்றுவதாகச் சொல்லித் தரையில் விடுகிறவர்கள் எல்லாத் திடலிலும் ஒருவராவது இருப்பார்கள். அந்த நீரில் எண்ணெய்ப் பிசுக்கும் சோற்றுப் பருக்கையும் இருக்கின்றன. ஈ வரும், பிறகு எலி வரும். எலி உங்கள் வண்டியின் மின்கம்பியைக் கடிக்கும்போது அதை யார் அழைத்தது என்று கேட்காது.

6. குடிநீர்த் தொட்டியும் ஹீட்டரும்

குடிநீர்த் தொட்டியைச் சுத்திகரிக்க, வாசனை சேர்க்காத வீட்டுப் பிளீச் ஒரு லிட்டர் நீருக்கு ஒரு மில்லி போதும். நேராக ஊற்றாமல் ஒரு வாளித் தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள். வடிகட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, ஒவ்வொரு குழாயையும் பிளீச் வாடை வரும்வரை திறந்து மூடி, குறைந்தது நான்கு மணி நேரம், முடிந்தால் ஓர் இரவு விடுங்கள். பிறகு வடித்து, வாடை போகும்வரை நல்ல தண்ணீரால் அலசுங்கள்.

வடிக்கும் தண்ணீரைப் புல்லிலோ ஓடையிலோ விடாமல் கழிவுத் துளைக்குள் விட வேண்டும். அதோடு கணக்கும் போட்டுப் பாருங்கள். 200 லிட்டர் தொட்டியை மூன்று முறை நிரப்பினால் 600 லிட்டர். தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள இடத்தில், கிணற்று நீரை நம்பியிருக்கும் திடலில் இதைச் செய்யாதீர்கள். பொதுக் குழாயில் மட்டும்தான் தண்ணீர் என்றால் ஆளில்லாத நேரம் பார்த்துப் பிடியுங்கள்.

ஹீட்டருக்கு வருகிறேன். அணைத்து, முழுக்க ஆறவிட்டு, உள்ளே வரும் தண்ணீரை அடைத்து, அழுத்த வால்வைத் தூக்கிக் காற்றை விடுவித்த பிறகே அடித்திருகைத் தொட வேண்டும். இல்லாவிட்டால் திருகும் கொதிநீரும் சேர்ந்து உங்கள் முகத்துக்கு வரும். எஃகுத் தொட்டியாக இருந்தால் திருகோடு ஒரு நீளமான ஆனோடு கம்பியும் வெளியே வரும். தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிபடுவதுதான் அதன் வேலை. முக்கால் பங்கு கரைந்திருந்தால் புதிது போடுங்கள். அலுமினியத் தொட்டிகளில் இந்தக் கம்பி இருக்காது, பிளாஸ்டிக் திருகுதான் இருக்கும். அதில் கம்பியைத் தேடி வாங்கிப் போடாதீர்கள். வடியும் தண்ணீருக்கு அடியில் ஒரு தாழ்வான தட்டு, தட்டிலிருந்து வாளி. வாளி நிறையும்போது ஹீட்டரின் வடிதுளையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு இன்னொரு வாளிக்காகக் குரல் கொடுக்கும் நிலை வரும், எனவே இரண்டு வாளி.

7. எண்ணெய்

ஜெனரேட்டருக்கு ஒன்றரை லிட்டர் அளவில்தான் எண்ணெய் பிடிக்கும். அனுமதி கிடைத்தால் திடலில் மாற்றலாம். பெரிய டீசல் மோட்டார்ஹோமின் எஞ்சினுக்கு 20 லிட்டருக்கு மேல் போகும். அனுமதி கிடைத்தாலும் நான் செய்ய மாட்டேன். பத்து நிமிட அளவுகோலில் அது தேறாது.

தார்ப்பாய், அதன்மேல் பழைய அட்டை, அதன்மேல் எண்ணெய் பிடிக்கும் தட்டு. காற்று அடிக்கும் நாளில் எண்ணெய்த் தாரை வளைந்து தட்டுக்கு வெளியே போகும், எனவே தட்டு அகலமாக இருக்கட்டும். பனியன் வேஸ்ட் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய ஃபில்டர் பல மணி நேரம் சொட்டிக்கொண்டிருக்கும். வாய் மேலே பார்க்க வைத்து, தடித்த பையில் போட்டுக் கட்டுங்கள். பழைய எண்ணெயைப் புனல் வைத்துப் புது எண்ணெய் வந்த கேனிலேயே ஊற்றி, ‘பழையது’ என்று எழுதி மூடுங்கள். அதைத் திடலின் குப்பைத்தொட்டியில் போடக் கூடாது. எண்ணெய் சேகரிக்கும் இடம் எங்கே என்று அலுவலகத்தில் கேட்டு, அங்கே கொண்டுபோய்க் கொடுங்கள். ஒருமுறை மாற்றும் எண்ணெய் பத்து லட்சம் கேலன் நன்னீரைக் கெடுத்துவிடக்கூடும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது. அது ஏறத்தாழ 38 லட்சம் லிட்டர்.

சிந்தினால் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள், பரவத்தான் செய்யும். மரத்தூளையோ பூனைகளுக்குப் பரப்பும் களிமண் குருணையையோ போட்டு, செருப்புக் காலால் நன்றாக மிதித்துத் தேய்த்து, அரை மணி கழித்துக் கூட்டி அள்ளுங்கள்.

8. கூரை, ஜாக்கி, மின்பெட்டி

கூரைமேல் ஏறினால் நான்கு வண்டிகளின் முற்றமும் உள்ளறையும் உங்கள் கண்ணுக்குத் தெரியும். ஏறும் முன் ‘மேலே போகிறேன்’ என்று சுற்றியிருப்பவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஏறுங்கள். இலைகளை ஊதித் தள்ளும் கருவி வேண்டாம், உங்கள் குப்பை அவர்கள் பந்தல்மேல் போய் விழும். கூட்டி, உங்கள் பக்கமாகத் தள்ளுங்கள். இணைப்புகளில் பூசும் சீலன்ட் காய்வதற்கு நேரம் பிடிக்கும், மழை அறிகுறி இருந்தால் தொடங்காதீர்கள். ஏணியைப் பிடிக்க ஓர் ஆள் கட்டாயம்.

வண்டியைச் சமப்படுத்தும் ஜாக்கிகளை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். அவை வண்டியை ஆடாமல் நிறுத்துவதற்கு. அடியில் ஆள் இருக்கும்போது தாங்குவதற்குத் தனித் தாங்கிகள் வேண்டும்.

மின்பெட்டி திடலுடையது. பிளக் சூடாகிறது, பிரேக்கர் விழுகிறது என்றால் பெட்டியைத் திறந்து பார்க்காமல் அலுவலகத்தில் சொல்லுங்கள். பிளக்கை மாட்டும்போதும் உருவும்போதும் பிரேக்கர் அணைந்திருக்க வேண்டும். பக்கத்து இடம் காலிதானே என்று அங்கிருந்து கம்பி இழுப்பது திருட்டுக்கு நெருங்கிய உறவு.

9. அக்கம்பக்கம்

சத்தமான வேலை என்றால் இருபக்கமும் போய்ச் சொல்லிவிடுங்கள். ‘பதினொன்றரைக்குத் தொடங்கி ஒரு மணி நேரம் சத்தம் வரும். உங்களுக்கு வேறு நேரம் வசதியா?’ இந்தக் கேள்விக்கு ‘கூடாது’ என்று யாரும் எனக்குப் பதில் சொன்னதில்லை. ஒருவர் மட்டும் ‘குழந்தை இப்போதுதான் தூங்கியது, ஒரு மணிக்கு ஆரம்பியுங்களேன்’ என்றார். ஒரு மணிக்கு அவரே கையுறையோடு வந்து நின்றார். சன்னல் திரை இழுத்துவிட்டிருந்தால் கதவைத் தட்டாதீர்கள். போய்ச் சொல்லும்போதும் சாலை வழியாகச் சுற்றிப் போங்கள். இன்னொருவரின் இடத்தைக் குறுக்கே கடப்பது, வீட்டுக்குள் செருப்புக் காலோடு நுழைவதற்குச் சமம்.

எஞ்சின் மூடியைத் தூக்கி வைத்தால் ஆட்கள் வருவார்கள். அது எழுதாத அழைப்பிதழ். ஒருவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்ப்பார், இன்னொருவர் தான் இதே வேலையை எப்படிச் செய்தேன் என்று தொடங்குவார். நல்ல யோசனைகளும் அப்படித்தான் கிடைக்கின்றன, நேரமும் அப்படித்தான் போகிறது. வேண்டாம் என்றால் ‘இதை முடித்துவிட்டு உங்களிடம் வந்து கேட்கிறேன்’ என்று சொல்லி, உண்மையாகவே போய்க் கேளுங்கள்.

நீங்கள் பார்க்கிறவராக இருந்தால், கேட்காமல் யோசனை சொல்லாதீர்கள், கேட்காமல் அடுத்தவர் வண்டியில் கை வைக்காதீர்கள். இதற்கு ஒரே விலக்கு: ஆள் இல்லாத நேரத்தில் காற்று எழுந்து, பக்கத்து வண்டியின் பந்தல் அடித்துக்கொண்டால் போய் மடக்கிவிடலாம், முடியாவிட்டால் கட்டிவிடலாம். திரும்பி வந்ததும் சொல்லிவிட வேண்டும். கேஸ் வாடை வந்தால் நீங்கள் எதையும் தொட வேண்டாம், ஆட்களை விலக்கிவிட்டு அலுவலகத்துக்கு ஓடுங்கள்.

இரவல் வாங்கிய கருவியைத் துடைத்து, அன்று மாலைக்குள் திருப்பிக் கொடுங்கள். காலையில் அவர் கிளம்பிப் போயிருப்பார், அவருடைய 13 மில்லிமீட்டர் சாக்கெட் ஆயுள் முழுக்க உங்கள் பெட்டியில் கிடந்து உறுத்தும். என் பெட்டியில் அப்படி ஒன்று இருக்கிறது.

10. கிளம்பும் முன்

விடியற்காலையில் கிளம்புவதாக இருந்தால் குழல்களைக் கழற்றிச் சுருட்டுவது, வெளிப்பெட்டிக் கதவுகளைச் சாத்துவது ஆகிய சத்தமான வேலைகளை முந்தின மாலையே முடித்துவிடுங்கள். டீசல் எஞ்சினை இருபது நிமிடம் நின்ற இடத்தில் உறுமவிட்டுச் சூடாக்க வேண்டிய தேவை இல்லை. காற்று பிரேக் உள்ள வண்டிக்கு அழுத்தம் ஏறும்வரை, மற்ற வண்டிகளுக்கு ஓரிரு நிமிடம், அதன்பின் மெதுவாக நகர்த்திப் போனாலே சூடாகிவிடும்.

நீங்கள் வேலை செய்த இடத்தில் ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டி இழுத்துப் பாருங்கள். வாஷரோ ஆணியோ ஒட்டிக்கொண்டு வரும்.

கடைசி இரவு எஞ்சினுக்கும் ஜெனரேட்டருக்கும் அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்துவிட்டுத் தூங்குங்கள். நான்கு மூலைக்கும் கல் வையுங்கள். காலையில் அட்டை காய்ந்திருந்தால் நீங்கள் இறுக்கிய திருகு சரியாக இருக்கிறது. கறை இருந்தால் அதைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு, வண்டியின் முன்பக்கம் எது என்று ஓர் அம்புக்குறியும் தேதியும் எழுதி, அட்டையை மடித்து உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். கசிவு எங்கிருந்து வருகிறது என்று அடுத்த பட்டறையில் மெக்கானிக் கேட்கும்போது அதை எடுத்து விரித்துக் காட்டலாம்.